யார் சொன்ன பெயர்?

நியூயார்க் நகரில் 1898-ஆம் ஆண்டு ஜார்ஜ் கிரந்தம் பெயின் ஒரு செய்திப்பட நிறுவனத்தைத் தொடங்கினார். குத்துச்சண்டை வீரர்கள், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன பெண்கள், கப்பலேறிய செல்வந்தர்கள் என்று மறுநாள் பத்திரிகைக்குத் தேவைப்பட்ட எல்லோரும் அந்த நிறுவனத்தின் கேமராவுக்குள் வந்தார்கள். அன்றைய நெகடிவ் கண்ணாடித் தகடு. அதன் ஓரத்திலேயே ஒரு பெயரைக் கீறி வைப்பது வழக்கம். பத்திரிகை அச்சாகும்வரை அந்தக் கீறல் போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ 40,000 தகடுகள் பிற்பாடு அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்கு வந்து சேர்ந்தபோது அதுவே பெருங்குறையாகிவிட்டது. பல தகடுகளில் ஒரு குடும்பப்பெயர் மட்டும்தான் இருந்தது. சிலவற்றில் அதுவும் எழுத்துப்பிழையோடு. எந்த நாள், எந்த ஊர், எதற்காக எடுத்த படம் என்பதற்கெல்லாம் விடை இல்லை.

ஒரு படத்தை ஆராய்ந்து விவரம் எழுத ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், 40,000 படங்களுக்கு ஒருவர் இருபது ஆண்டுகள் முழுநேரமும் உட்கார வேண்டும். அப்படி ஓர் ஆளை ஒதுக்க எந்த நூலகத்தாலும் முடியாது. தகட்டில் இருந்ததையே தலைப்பாகப் பதிந்து, படங்களை இணையத்தில் ஏற்றினார்கள். படம் கண்ணுக்குத் தெரிந்தது, தேடினால் கிடைக்கவில்லை. ஒரு சேகரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஸ்கேனர் முடிவு செய்கிறது. அதில் எது யாருக்குக் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது படத்தோடு சேர்த்து எழுதப்படும் அந்தச் சில வரிகள்தாம்: எடுத்தவர், நாள், இடம், படத்தில் இருப்பவர், எந்த வகை. இதைத் தமிழில் மீதரவு என்கிறார்கள். அந்த வகைகளின் பட்டியல்தான் வகைப்பாடு.

2008 ஜனவரி 16 அன்று லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஒரு சோதனையில் இறங்கியது. பெயின் படங்களில் ஒரு பகுதியையும், 1930-40களில் அரசுக்காக எடுக்கப்பட்ட வண்ணப் படங்களையும் சேர்த்து ஏறத்தாழ 3,100 படங்களை ஃபிளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளத்தில் ஏற்றியது. யார் வேண்டுமானாலும் குறிச்சொல் சேர்க்கலாம், தெரிந்ததை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் நூலகம் வெளியிட்ட அறிக்கை இன்றும் இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அதற்குள் படங்கள் 4,615 ஆகியிருந்தன. 2,518 பேர் சேர்ந்து 67,176 குறிச்சொற்களை இட்டிருந்தார்கள். 2,873 படங்களுக்கு 7,166 குறிப்புகள் வந்திருந்தன. கண்டவர் கண்டதை எழுதிக் குப்பையாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் தொடக்கத்தில் பலருக்கு இருந்தது. தகாதவை என்று நீக்க வேண்டியிருந்தவை இருபத்தைந்துக்கும் குறைவு.

ஆனால் அந்த அறிக்கையில் ஊன்றிப் பார்க்க வேண்டிய எண் இன்னொன்று. நூலகத்தின் சொந்த அட்டவணையில் 500-க்கும் மேற்பட்ட பதிவுகள், பொதுமக்கள் தந்த தகவலால் திருத்தம் பெற்றன. 67,000 குறிச்சொற்களுக்கு முன்னால் 500 சிறிய எண்தான். இந்த 500 எப்படி உருவாயின என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒருவர் பழைய செய்தித்தாள்களின் மின்பிரதிகளைப் புரட்டி ஒரு நிகழ்ச்சியின் நாளைக் கண்டுபிடிப்பார். இன்னொருவர் அதே ஆளின் வேறொரு படத்தை எடுத்துவந்து முகத்தை ஒப்பிடுவார். மூன்றாமவர் பின்னணியில் தெரியும் கட்டடத்தைக் காட்டி, முதலாமவர் சொன்னது பொருந்தாது என்பார். வாதம் ஓர் இடத்துக்கு வந்து நின்றதும் நூலக ஊழியர் சான்றைச் சரிபார்த்து அட்டவணையில் ஏற்றுவார்.

ஏற்றிய விதம் அதைவிட நேர்த்தியானது. இந்தப் பதிவுகளில் ஒன்றைத் திறந்தால், தகட்டில் கீறியிருந்த பழைய தலைப்பு அப்படியே இருக்கும். அது பெயின் நிறுவனம் நெகடிவில் எழுதியதிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி. அதன் கீழே, படத்தில் இருப்பவர் இன்னார், நிகழ்ச்சி இது என்று புதிய விவரம். கடைசியில் அடைப்புக்குறிக்குள்: ஆதாரம், ஃபிளிக்கர் காமன்ஸ் திட்டம், 2008. பிழையான பெயர் அழிக்கப்படவில்லை. சரியான பெயர் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. இரண்டும் இருக்கின்றன, இரண்டுக்கும் யார் பொறுப்பு என்பதும் இருக்கிறது. நாளை வேறு சான்று கிடைத்தால் மூன்றாவது வரி சேரும்.

பலர் சேர்ந்து வளர்க்கும் எந்தச் சேகரத்தையும் மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. வகைப்பாடு எவ்வளவு விரிவானது, குறிச்சொற்கள் எத்தனை ஆயிரம் என்பவை பிறகு. ஒவ்வொரு பெயரும் யாருடைய வாயிலிருந்து வந்தது என்று பதிவு சொல்கிறதா, அந்தப் பெயரை மறுபடி விவாதத்துக்கு எடுக்க வழி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

நிபுணர்களே எல்லாவற்றையும் எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவின் சில கலை அருங்காட்சியகங்கள் சேர்ந்து நடத்திய 'ஸ்டீவ்' என்ற ஆய்வு இதற்கு விடை சொன்னது. 1,784 கலைப்பொருட்களின் படங்களைப் பொதுமக்களிடம் காட்டிக் குறிச்சொல் கேட்டார்கள். 36,981 சொற்கள் சேர்ந்தன. அவற்றில் 86 விழுக்காடு அருங்காட்சியகத்தின் சொந்த ஆவணங்களில் எங்குமே இல்லாதவை. பொதுமக்கள் இட்ட சொற்களில் பெரும்பாலானவை தேடலுக்குப் பயன்படும் என்று அருங்காட்சியகப் பணியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். காரணம் எளிது. கலை வரலாற்று வல்லுநர் ஓவியர் பெயர், காலம், பாணி, எந்த ஊடகத்தில் தீட்டியது என்பதை எழுதுவார். படத்தில் ஒரு நாய் நிற்கிறது என்று எழுத அவருக்குத் தோன்றாது. நாய் இருக்கும் ஓவியம் தேடி வரும் பள்ளி மாணவிக்கோ அது ஒன்றுதான் வேண்டும்.

இப்படிப் பொதுமக்கள் தாமாக இடும் சொற்களிலிருந்து எழும் வகைப்பாட்டுக்கு 2004-இல் தாமஸ் வாண்டர் வால் 'ஃபோக்சோனமி' என்று பெயர் வைத்தார். அப்போது அதைப் பற்றி இருந்த உற்சாகம் கொஞ்சநஞ்சமல்ல. மேலிருந்து திணிக்கும் பட்டியல்களின் காலம் முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். நடைமுறையில் குறிச்சொற்கள் வேறு வகையில் சிக்கின.

தமிழில் அந்தச் சிக்கலை ஒரே நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒரு கோபுரத்தின் படம். ஒருவர் கோயில் என்று இடுவார், ஒருவர் கோவில், இன்னொருவர் ஆலயம், நான்காமவர் அந்தக் கோயிலில் படம் எடுத்த ஞாபகத்தில் 'கோயிலில்' என்று வேற்றுமை உருபோடு இடுவார். கணினிக்கு இவை நான்கு வேறு சொற்கள். இதுவாவது கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு. ஔவையார் என்று தேடுபவருக்கு, ஒள என்று ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் வைத்துத் தட்டச்சு செய்த 'ஒளவையார்' அகப்படமாட்டார். திரையிலோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஶ்ரீ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அமைக்க முடியும்: ஒன்று ஶகரத்தை வைத்து, மற்றது ஸகரத்தை வைத்து. எந்த விசைப்பலகையில் அடித்தார்கள் என்பதைப் பொறுத்து ஒரே ஊர்ப்பெயர் இரண்டு ஊராகிவிடும்.

ஆட்பெயர்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. 'மகாகவி' என்ற குறிச்சொல் தமிழ்நாட்டு வாசகரை நேராகப் பாரதியிடம் கொண்டுபோகும். ஈழத்து வாசகருக்கு அது து. உருத்திரமூர்த்தியின் புனைபெயரும்தான்; அவர் இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான கவிஞர்களில் ஒருவர், 1971-இல் மறைந்தவர். 'சிற்பி' என்றால் கோவைக்காரருக்குச் சிற்பி பாலசுப்பிரமணியம். யாழ்ப்பாணத்தில் 'கலைச்செல்வி' இதழ் படித்து வளர்ந்தவருக்கு அதன் ஆசிரியர் சிவசரவணபவன். 'கல்கி' ஆளா, பத்திரிகையா? குறிச்சொல் இட்டவர் அவரவர் அளவில் சரியாகவே இட்டிருக்கிறார். எல்லாருடைய சொற்களும் ஒரே கூடையில் விழும்போதுதான் குழப்பம் வருகிறது.

அதனால்தான் கட்டுப்பட்ட சொற்பட்டியல்கள் தேவைப்படுகின்றன. ஒரு பொருளுக்கு ஒரு சொல்லைத் தேர்ந்து, மற்றவற்றை அதனோடு இணைத்துவைக்கும் ஏற்பாடு அது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் வகைப்பாடு இதில் ஒரு படி மேலே போனது. ஒரு நூலை ஒரே பெட்டியில் போட்டு மூடாமல், அது எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று தனித்தனி முகங்களாகப் பிரித்துப் பிறகு சேர்த்தார் அவர். இன்று எந்த மின்சேகரத்திலும் திரையின் ஓரத்தில் 'இடம்', 'காலம்', 'வகை' என்று தேர்ந்து முடிவுகளைக் குறுக்கிக்கொண்டே போகிறோமே, அந்த வழிமுறைக்கு ரங்கநாதனின் சிந்தனைதான் அடிப்படை. பலர் சேர்ந்து உழைக்கும் இடத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. காலம் தெரிந்தவர் காலத்தை மட்டும் நிரப்பலாம், ஊர் தெரிந்தவர் ஊரை. முழுவதும் தெரிந்த ஒருவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பட்டியலின் சொல்லை யார் தேர்கிறார்கள் என்ற கேள்வி அப்போதும் மிஞ்சுகிறது. உலகெங்கும் நூலகங்கள் பயன்படுத்தும் பொருள் தலைப்புப் பட்டியல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸுடையது. உரிய ஆவணமின்றி அமெரிக்காவில் வாழ்பவர்களைப் பற்றிய நூல்களுக்கு அதில் இருந்த தலைப்பு 'சட்டவிரோத அந்நியர்கள்' என்ற பொருளில் அமைந்தது. 2014-இல் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள், தங்களைப் போன்றவர்களைப் பற்றி நூலகத்தில் தேடும்போது இந்தச் சொல் எதிரே வந்து நிற்பதைக் கண்டு மாற்றம் கோரினார்கள். முதலில் மறுப்பு வந்தது. அமெரிக்க நூலகச் சங்கமும் வலியுறுத்திய பிறகு 2016-இல் மாற்றப்போவதாக நூலகம் அறிவித்தது. உடனே நாடாளுமன்ற உறுப்பினர்கள் குறுக்கிட்டார்கள். ஒரு நூலக அட்டவணைச் சொல் கட்சி அரசியலின் பொருளானது. 2021 நவம்பரில்தான் புதிய தலைப்புகள் முடிவாயின. இடைப்பட்ட காலத்தில் பல நூலகங்கள் தத்தம் அட்டவணைகளில் தாமாகவே சொல்லை மாற்றிக்கொண்டன. ஏழு ஆண்டுகள் ஒரு சொல்லுக்காக. மாணவர்களின் பிடிவாதம் வீண்போகவில்லை என்பதோடு இன்னொன்றும் இதில் தெரிந்தது: தலைப்பை மாற்றக் கேட்பதற்கு முறையான ஒரு வழி அங்கே இருந்தது. அது இல்லாத சேகரங்களில் இப்படிப்பட்ட சொற்கள் யாரும் கேள்வி கேட்காமலே காலம் தள்ளுகின்றன.

லைப்ரரி ஆஃப் காங்கிரஸிலேயே இன்னொரு சேகரம். 1890 மார்ச்சில் ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் என்ற மானிடவியலாளர் எடிசன் ஃபோனோகிராஃப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மெய்ன் மாநிலத்தின் கேலிஸ் என்ற ஊருக்குப் போனார். அங்கே பாசமகுவாடி பழங்குடியினரின் பாடல்களையும் கதைகளையும் மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். மானிடவியல் களப்பணியில் ஒலிப்பதிவு பயன்பட்ட முதல் முயற்சி அது. ஹார்வர்டின் அருங்காட்சியகத்திலும் பிறகு லைப்ரரி ஆஃப் காங்கிரஸிலும் அந்த உருளைகள் பத்திரமாக இருந்தன. ஆனால் அட்டவணையில் முதன்மையாக நின்றது பதிவு செய்தவரின் பெயர். என்ன பாட்டு, எந்தச் சடங்கில் பாடுவது என்பவை அவர் புரிந்துகொண்ட அளவில் ஆங்கிலத்தில் இருந்தன. பாடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் சொல்ல நிறைய இருந்தது; சொல்வதற்கு இடம்தான் இல்லை.

2018-இல் அந்த நிலை மாறியது. பாசமகுவாடி மூத்தோர் பழைய உருளைகளின் புதிய மின்பிரதிகளைக் கேட்டுக் கேட்டு, இரைச்சலுக்கு நடுவிலிருந்து சொற்களைப் பிரித்தெடுத்துத் தங்கள் மொழியில் தலைப்பும் விளக்கமும் எழுதினார்கள். அவை நூலகத்தின் அதிகாரபூர்வப் பதிவுகளிலேயே இடம்பெற்றன. கூடவே ஜேன் ஆண்டர்சனும் கிம் கிறிஸ்டனும் 2010-இல் தொடங்கிய 'லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ்' அமைப்பு வடிவமைத்த மரபறிவு அடையாளங்கள் சேர்க்கப்பட்டன. பாசமகுவாடியினர் தேர்ந்தவை மூன்று: இது யாருடையது என்று சொல்ல வேண்டும், இது கற்பிப்பதற்கு உரியது, இது விற்பனைக்கு அல்ல. சட்டம் அந்தப் பதிவுகளைப் பொதுச்சொத்து என்று சொல்லக்கூடும். அந்த மக்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதைக் கேட்பவர் முன்னால் வைப்பது மீதரவின் வேலை. அந்த வேலையை அது இங்கே அருமையாகச் செய்கிறது.

கிம் கிறிஸ்டன் இதற்கு முன்பே ஆஸ்திரேலியாவில் டென்னன்ட் க்ரீக் வாழ் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உழைத்தவர். அங்கே 2007-இல் உருவான 'முகுர்த்து' ஆவணகத்தில் ஒரு படத்தை யார் பார்க்கலாம் என்பதைக் குடும்ப உறவும் ஆண் பெண் வேறுபாடும் சடங்கு உரிமையும் முடிவு செய்கின்றன. படத்தில் இருப்பவர் இறந்துவிட்டால் அதையும் பதிவு தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடுவதே நல்ல ஆவணகத்தின் இலக்கணம் என்று நம்பியவர்களை இந்தச் சிறு சமூகம் யோசிக்க வைத்தது. முகுர்த்து மென்பொருளை இன்று வேறு பல பழங்குடிச் சமூகங்களும் பயன்படுத்துகின்றன.

தமிழில் இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி நிற்பது 'நூலகம்' எண்ணிம நூலகத்தில். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. போரும் இடப்பெயர்வும் வீடுகளில் எஞ்சியிருந்தவற்றையும் சிதறடித்தன. 2005-இல் இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்து இணையத்தில் வைக்கத் தன்னார்வலர்கள் தொடங்கிய முயற்சிதான் நூலகம். விக்கி மென்பொருளில் இயங்குகிறது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு பக்கம். பக்கத்தில் ஒரு சிறு கட்டம்: நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள். அதன் கீழே வாசிக்க ஓர் இணைப்பு. அதற்கும் கீழே உள்ளடக்கம்.

இந்த உள்ளடக்கப் பகுதியில்தான் கூட்டுழைப்பின் வியர்வை தெரிகிறது. ஸ்கேன் செய்த பழைய இதழ் கணினிக்கு வெறும் படம். அதற்குள் இருக்கும் கதையின் தலைப்பும் கவிஞரின் பெயரும் தேடலில் அகப்பட வேண்டுமானால் யாரோ ஒருவர் அவற்றைத் தட்டச்சு செய்தாக வேண்டும். டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் தொடங்கிய 'மல்லிகை' போன்ற இதழ்களுக்கு, பெயரை அடுத்து ஆண்டு, புள்ளி, மாதம், அடைப்புக்குறிக்குள் இதழ் எண் என்று தலைப்பு அமைக்கிறார்கள். பார்த்தால் அற்ப விஷயம். ஆண்டு முன்னால் வருவதால் நூற்றுக்கணக்கான இதழ்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். நடுவில் எந்த இதழ் இல்லை என்பதும் ஒரு பார்வையில் தெரியும். இல்லாத இதழ் யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று தேடத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். வெவ்வேறு ஊர்களிலும் நாடுகளிலும் இருந்துகொண்டு ஒரே அட்டவணையை நிரப்புகிறவர்கள் இப்படியொரு மரபுக்குக் கட்டுப்பட்டு எழுதியிருக்காவிட்டால் சேகரம் குவியலாகவே நின்றிருக்கும்.

வகைப்பாட்டிலும் அந்த மண்ணின் அறிவு வெளிப்படுகிறது. நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பிரசுரங்கள் என்ற வழக்கமான வகைகளோடு பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் என்பவையும் தனி வகைகளாக நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளையொட்டி ஒரு சிறு நூல் அச்சிட்டு உறவினருக்குக் கொடுப்பார்கள். ஊர்வழக்கில் அதைக் கல்வெட்டு என்பார்கள். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, புகைப்படம், வம்சாவளி, தேவார திருவாசகங்கள், இரங்கல் பாக்கள் எல்லாம் அதில் இருக்கும். டூயி தசம வகைப்பாட்டில் வாழ்க்கை வரலாறுகளுக்கு 920, வம்சாவளிக்கு 929. கல்வெட்டு இந்த இரண்டோடும் தொடர்புடையது, அதே நேரத்தில் ஒரு தோத்திரத் திரட்டும்கூட. எந்த எண்ணில் போட்டாலும் மற்ற பாதி மறைந்துபோகும். தனி வகையாக வைத்ததும் அது என்ன என்பது துலங்குகிறது: யார் எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், யார் மலாயாவுக்கு வேலைக்குப் போனார்கள், எந்தப் பள்ளியில் யார் தலைமையாசிரியர் என்றெல்லாம் சொல்லும் சமூக வரலாற்று ஆவணம். வேறெந்த நூலக அட்டவணையிலும் இதற்கு இவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது.

அதே காரணத்தால் இங்கே எச்சரிக்கையும் வேண்டும். கல்வெட்டில் இருப்பது இறந்தவர் மட்டுமல்ல. பிள்ளைகள், மருமக்கள், பேரர்கள், அவர்கள் வாழும் நாடுகள் எல்லாம் பெயரோடு அச்சாகியிருக்கும். ஐம்பது பிரதிகள் உறவுக்குள் கைமாறியபோது அது குடும்பச் செய்தி. உலகமெங்கும் தேடத்தக்க அட்டவணையில் ஏறும்போது அதன் தன்மை மாறுகிறது. வாருமுங்கு மக்கள் எழுப்பிய கேள்வியே இதுவும். ஆவணத்தைக் காப்பதற்கும் அதிலுள்ள எல்லாப் பெயர்களையும் குறிச்சொல்லாக்குவதற்கும் இடையே ஒரு கோடு உண்டு. அந்தக் கோடு எங்கே என்பதை மலர் வெளியிட்ட குடும்பங்களோடு பேசியே தீர்மானிக்க வேண்டும்.

பழைய தமிழ் நூல்களின் ஆண்டு தனிக்கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகளில் பலவற்றின் முகப்பில் 'விகாரி வருடம் ஆனி மாதம்' என்ற பாணியில்தான் நாள் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் விகாரி 1839-இலும் வரும், 1899-இலும் வரும், 1959-இலும் வரும். போதாததற்கு அது சித்திரையில் பிறந்து பங்குனியில் முடிவதால் தை, மாசி, பங்குனி என்றால் அடுத்த ஆங்கில ஆண்டு. அச்சுக்கூடம், எழுத்து வார்ப்பு, பதிப்பித்தவரின் காலம் ஆகியவற்றைப் பார்த்து அறிந்தவர்கள் 1899 என்று முடிவுக்கு வரலாம். பதிவில் வெறும் 1899 என்று மட்டும் போட்டால் அது அச்சில் இருந்ததா, ஊகமா என்பது அடுத்தவருக்குத் தெரியாமல் போகிறது. அச்சில் இருப்பது விகாரி வருடம். கணித்த ஆண்டு 1899. கணித்ததற்குக் காரணம் இது. மூன்றையும் எழுத இன்னும் ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம்பிடித்த அட்டவணைகள் எத்தனையோ ஆய்வேடுகளைத் தவறான நூற்றாண்டுக்கு அனுப்பக்கூடும்.

இவ்வளவையும் தாங்கும் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. 2012 அக்டோபரில் தொடங்கிய விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கருத்துக்கும் ஆளுக்கும் ஊருக்கும் ஓர் எண் உண்டு. தமிழ்மொழிக்குக் கியூ 5885. எண் ஒன்றுதான், தமிழில் பார்ப்பவருக்குத் தமிழ்ப் பெயரும் சிங்களத்தில் பார்ப்பவருக்குச் சிங்களப் பெயரும் தெரியும். கோயிலா கோவிலா என்ற சண்டை அங்கே எழாது, மற்றவை மாற்றுப் பெயர்களாக ஒட்டிக்கொள்ளும். இரண்டு மகாகவிகளுக்கும் தனித்தனி எண். ஒருவர் பிறந்த ஆண்டு பற்றி இரு கருத்துகள் இருந்தால் இரண்டையும் அதனதன் சான்றோடு பக்கத்தில் வைக்க இடம் உண்டு. விக்கிமீடியா காமன்ஸ் என்ற படச் சேகரம் 2004-இல் தொடங்கியதிலிருந்து அதன் பகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. தமிழ் மட்டும் தெரிந்தவர் படம் ஏற்றலாம், வகைப்படுத்த முடியாது. 2019-இல் பன்மொழித் தலைப்புகளும், படத்தில் இருப்பது எது என்பதை விக்கித்தரவு எண்ணால் குறிக்கும் வசதியும் வந்த பிறகு அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது.

2020-இல் விக்கிமீடியா காமன்ஸில் இயந்திரம் படத்தைப் பார்த்துத் தானே குறிச்சொல் முன்மொழியும் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். மனிதர் ஒப்புதல் தந்தால் போதும். வானம், மரம், கட்டடம் போன்ற பொதுச் சொற்கள் படங்களில் குவிந்தன. எந்த ஊரின் எந்தக் கட்டடம் என்பது வழக்கம்போல் யாரோ ஒரு மனிதருக்காகக் காத்திருந்தது. பங்களிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பிறகு அந்தக் கருவி நிறுத்தப்பட்டது. இன்று இதைவிடத் தேர்ந்த இயந்திரங்கள் வந்துவிட்டன, அவற்றைச் சேகரங்கள் பயன்படுத்தத்தான் போகின்றன. அப்படியானால் இயந்திரம் சொன்ன பெயருக்கு இயந்திரம் சொன்னது என்ற அடையாளம் பதிவில் இருக்க வேண்டும். பெயின் நிறுவனத்தின் கீறலுக்கும் ஃபிளிக்கர் பயனரின் கண்டுபிடிப்புக்கும் கொடுத்த அதே இடம் அதற்கும்; கூடுதலாக எதுவும் இல்லை.

கூட்டுழைப்பில் விளைந்த சொற்கள் எங்கே குடியிருக்கின்றன என்பதும் கவலைக்குரியது. குறிச்சொல் பண்பாட்டையே தொடங்கிவைத்த 'டெலிஷியஸ்' தளம் பல கைகள் மாறி 2017-இல் புதிதாக எதையும் சேர்க்க முடியாத நிலைக்கு வந்தது. ஃபிளிக்கரை 2018-இல் ஸ்மக்மக் நிறுவனம் வாங்கி, இலவசக் கணக்குகளுக்கு 1,000 படம் என்று வரம்பு வைத்தது. நூலகங்களின் ஃபிளிக்கர் காமன்ஸ் கணக்குகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆனால் அந்த விலக்கைத் தர வேண்டியிருந்தது ஒரு தனியார் நிறுவனம். 2022-இல் ஃபிளிக்கர் அறக்கட்டளை உருவானது. அதன் திட்டங்களில் ஒன்று, படங்களை அவற்றின் குறிச்சொற்களோடும் கீழே நடந்த உரையாடலோடும் சேர்த்துத் தனிக் கட்டுகளாகச் சேமித்துப் பிற நூலகங்களில் வைப்பது.

விக்கி மென்பொருளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பக்கத்தை மட்டுமல்லாமல், அதை யார் எப்போது எப்படித் திருத்தினார்கள் என்ற முழு வரலாற்றையும் கோப்பாக வெளியே எடுக்கலாம். 'நூலகம்' போன்ற சேகரங்கள் ஸ்கேன் கோப்புகளை எத்தனை இடங்களில் பிரதி எடுத்து வைக்கின்றனவோ, அந்த வரலாற்றுக் கோப்பையும் அத்தனை இடங்களில் வைக்கலாம். அளவில் அது ஸ்கேன் கோப்புகளோடு ஒப்பிட மிகச் சிறியது. ஒரு சாதாரண பென்டிரைவே போதும்.